தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முதலில் பாருங்கள்: புறநகர் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையைச் சுற்றியிருக்கும் புறநகர் மாநகராட்சிகளின் பொறியாளர்கள், வார்டு வார்டாக வெயிலில் அலையும் ஏ.இ.க்கள் (உதவிப் பொறியாளர்கள்), ஓவர்சியர்கள், மன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் எந்த ஊர், எந்த வார்டு, எந்தத் தெரு என்று இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக் காலையில் யாரோ ஒரு ஏ.இ.க்கு மேலிடத்திலிருந்து போன் வரும், அவர் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டி போட்டோ எடுத்து அனுப்புவார், விஷயம் அதோடு முடிந்துபோகும். எனக்கு வேண்டியது அந்த ஒரு லோடு ஜல்லி இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் புறநகரில் குடியிருக்கிறேன், ரோடு போடுவதையும் தோண்டுவதையும் மறுபடி போடுவதையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதில் எனக்குப் புரிந்த ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மழை விட்டு நாலு நாள் ஆகியும் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அதற்கு முந்தின வருடம்தான் தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் புது மழைநீர் வடிகால் கட்டியிருந்தார்கள். கான்கிரீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கம்பி ஒழுங்காகக் கட்டித்தான் ஊற்றினார்கள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியும் தண்ணீர் அதற்குள் போகவில்லை. அடைப்பு என்றார்கள், குப்பை என்றார்கள், ஆளுக்கொரு காரணம். கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வயதான கொத்தனார் அண்ணன், வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது அவருக்கு, வீட்டுப் பரணிலிருந்து லெவல் டியூபை எடுத்துக்கொண்டு வந்தார். அதான், மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் எல்லோரும் வைத்திருக்கும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே குமிழி இல்லாமல் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு முனையை ரோட்டோரம் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறு முனையை வடிகால் வாய் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தார். வடிகால் வாய் ரோட்டை விட நாலு விரக்கடை மேலே இருந்தது.

நாலு விரக்கடை. தண்ணீர் ஏறிப் போக வேண்டுமாம் அதற்குள்.

அதோடு விடவில்லை அவர். தெருமுனை வரைக்கும் போய் இடையிடையே மூடிப் பலகையைத் தூக்கி உள்தளத்தையும் அளந்தார். நடுவில் ஒரு இடத்தில் தளம் மேடாகி, அப்புறம் மறுபடி இறங்குகிறது. அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர் காய்ந்துதான் தீர வேண்டும், ஓடித் தீராது. யார் கட்டினார்கள், எந்த ஒப்பந்தக்காரர் என்பதெல்லாம் இப்போது எனக்கு வேண்டாம். சிமெண்டும் கம்பியும் ஆள்கூலியும் சேர்ந்து அத்தனை பணம் செலவானதே, அந்த வேலையை ஆரம்பிக்கும் முன்னால் ஒருவர் ஒரு நாள் மட்டம் பார்த்திருந்தால் முழுப் பணமும் உருப்பட்டிருக்கும் என்பதுதான் அன்றைக்கு என் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்தது.

புறநகரில் பொதுப்பணி என்றாலே மட்டம்தான். ரோடு, வடிகால், பாதாளச் சாக்கடை, ஏரி, கல்வெர்ட் (தண்ணீர் அடியில் போகும் சிறுபாலம்) என்று தனித்தனிப் பெயர் வைத்துத் தனித்தனி எஸ்டிமேட் போட்டாலும், கடைசியில் எல்லாமே தண்ணீர் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்ற ஒரே கேள்விக்குள் வந்து விழுகின்றன. ஏனென்றால் நாம் குடியிருப்பது ஏரிகளுக்கு நடுவில். கிழக்குத் தாம்பரம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து நன்மங்கலம், அடுத்து கீழ்க்கட்டளை, அடுத்து நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒன்றின் கலங்கல், அதாவது ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகும் இடம், எவ்வளவு உயரம் என்பதை வைத்துத்தான் அடுத்ததற்குத் தண்ணீர். இந்தச் சங்கிலி இன்னும் அறுந்துபோகவில்லை, இளைத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் போக்குக் கால்வாய் மேல் வீடு வந்தது, கடை வந்தது, பல்லாவரம் பெரிய ஏரிக்கு நடுவிலேயே துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோடு வந்தது. ஆனாலும் மழை பெய்தால் தண்ணீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடுகிறது, நாம் போட்டிருக்கும் நகர் பெயர்ப் பலகைகளை அது படிப்பதில்லை.

மேற்குப் பக்கம் அடையாறு. 2015 டிசம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் காத்திருந்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள், முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்போது ஊராட்சிகள். 2021 நவம்பர் 3-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன, அந்த இரண்டு ஊரும் வெளியிலேயே நின்றன. மாநகராட்சி எல்லைக்குள் எவ்வளவு நல்ல வடிகால் கட்டினாலும், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள கால்வாய் இல்லையென்றால் நீங்கள் செய்த வேலை பக்கத்து ஊர்க்காரன் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பும் வேலையாகத்தான் முடியும். இதை மாநகராட்சியின் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் வரைபடம் போடும்போது எல்லைக்கோட்டோடு பென்சிலை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பத்து ஊர் ஒன்றாகச் சேர்ந்ததைப் பலர் சொத்து வரி ஏறும் என்ற கவலையோடு மட்டும் பார்த்தார்கள். 2022-ல் வரி ஏறத்தான் செய்தது. எனக்கென்னவோ இந்த இணைப்பு ரொம்ப வருடமாகக் கிடைக்காத வாய்ப்பாகத்தான் தெரிகிறது. முன்பெல்லாம் ஒரு பேரூராட்சியின் வடிகால் அதன் எல்லையில் போய் நின்றுவிடும், அடுத்த நகராட்சியோ "அது எங்கள் தண்ணீர் இல்லை" என்று சொல்லிவிடலாம். 2011 கணக்கெடுப்பிலேயே ஏழு லட்சத்துக்கு மேல் ஜனம், 70 வார்டு, 5 மண்டலம், எல்லாம் இப்போது ஒரே கூரையின் கீழ். செம்பாக்கத்துக்கு எஸ்டிமேட் போடும் பொறியாளரும் சிட்லபாக்கத்துக்குப் போடுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார முடியும். 2019-ல் மாநகராட்சி ஆன ஆவடியிலும் சரி, இனிமேல் தரம் உயரப் போகும் ஊர்களிலும் சரி, இந்த மேஜையைப் போட்டு உட்காருவதற்குள் பழைய ஊர்ப் பழக்கம் திரும்ப வந்துவிடக் கூடாது.

மேஜை போட்டாலும் அதில் உங்களுக்கு மட்டும் நாற்காலி இருந்தால் போதாது என்பதும் எனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோடு (கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு) நெடுஞ்சாலைக்காரர்கள் கையில், வேளச்சேரி ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், பெரும்பாலான ஏரிகள் நீர்வளத் துறையிடம், கம்பமும் கேபிளும் மின்வாரியம், ரயில்வே லைனுக்கு அடியில் போகும் கல்வெர்ட் தெற்கு ரயில்வே. தண்ணீர் நின்றால் மட்டும் ஜனங்கள் திட்டுவது உங்களை. இது நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சாதாரண மனிதன் எந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் இருப்பதும் நியாயமில்லை இல்லையா. தெருவுக்குத் தெரு ஒரு சின்னப் பலகையில் "இந்தச் சாலை பராமரிப்பு இன்ன துறை" என்று எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்?

சரி, ரோட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளை மெதுவாகப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருப்பது இதுதான்.

நான் வீடு கட்டியபோது வாசலில் ஐந்து படி. இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது, மற்ற மூன்றும் தாருக்கு அடியில் இருக்கின்றன. எதிர்வீட்டு அம்மா எனக்கும் முன்னாலேயே வீடு கட்டியவர், எழுபதைத் தாண்டியவர், அவர் இப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிறார். மழைக்காலம் வந்தால் மணல் மூட்டை அடுக்கி, அதற்கு முன்னால் ஒரு ஓரடிச் சுவர் கட்டி, அதைத் தாண்டித் தாண்டியே அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மூன்று நாலு சென்டிமீட்டர்தான் ஏறுகிறது, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஜல்லி விரித்து ஒரு முறை, தார் ஒரு முறை, நடுவில் பேட்ச் வொர்க், அப்புறம் அதன் மேல் இன்னொரு முறை என்று போய்க்கொண்டே இருந்தால் இருபது வருடத்தில் இதுதான் நடக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் மில்லிங் இயந்திரம் வருவதை நானும் பார்த்திருக்கிறேன். உட்புறத் தெருக்களில்தான் வேலை அவசர அவசரமாக ராத்திரி நடக்கிறது, விடிந்து பார்த்தால் பழைய ரோட்டின் மேலேயே புதிய ரோடு பளபளவென்று கிடக்கிறது. இயந்திரம் சின்னத் தெருவுக்குள் நுழையாது என்றால் ஜேசிபியில் கிளறி எடுக்கலாம். அதற்கும் எஸ்டிமேட்டில் இடம் இல்லை என்றால் அந்தத் தெருவுக்கு இந்த வருடம் ரோடே வேண்டாம், குண்டும் குழியுமாக இன்னொரு வருடம் ஓட்டிக்கொள்கிறோம். மனதார எழுதுகிறேன் இதை.

வேலைகளின் வரிசையும் அப்படித்தான். முதலில் பாதாளச் சாக்கடைக் குழாய், அப்புறம் குடிநீர்க் குழாய், அப்புறம் வடிகால், கடைசியில் ரோடு என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நடப்பதோ தலைகீழ். நிதி எந்தத் திட்டத்திலிருந்து முதலில் வருகிறதோ அந்த வேலை முதலில் நடக்கிறது. புது ரோடு போட்டு ஆறு மாதத்தில் பள்ளம் தோண்டி, குழாயைப் புதைத்து, மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினால்தான் அந்த மண் தாங்கும். இறுக்காவிட்டால் முதல் மழையிலேயே உள்வாங்கி, தண்ணீர் லாரியின் பின்சக்கரம் அதில் இறங்கி நிற்கும், பைக்கில் வருகிறவன் விழுவான். ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று வேலை நடந்த இடத்திலேயே எழுதிவையுங்கள், நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். கேட்காமலேயே இப்படிப்பட்ட விவரங்களை வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவே சொல்கிறது.

அடுத்தது ஆட்கள். நான் ரொம்ப மதிக்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் குடிநீர் திறந்துவிடுகிற வால்வு மேன் ஒருவர் இருந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு நீளமான டி வடிவச் சாவி கட்டியிருக்கும். தார் போட்டு மூடிய இடத்தில்கூட, இங்கே வால்வு இருக்கு என்று காலால் தட்டிக் காட்டுவார், தோண்டினால் இருக்கும். எந்தத் தெருவில் குழாய் ஓரம் மாறுகிறது, எந்த வால்வு பாதிதான் மூடும், எந்த மேட்டு வீட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகத் திறக்க வேண்டும், எல்லாம் தலைக்குள். அவர் ஓய்வு பெற்றுப் போனார், அந்த வரைபடமும் அவரோடு போய்விட்டது. எந்தக் காகிதத்திலும் அது இல்லை. இன்றைக்குக் குழாய் உடைந்தால் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்து மூன்றாவது இடத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

2022 அக்டோபரில் வந்த அரசாணை 152-க்கு அப்புறம் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் பல வேலைகள் வெளிமுகமைக்கு, அதாவது வெளியிலிருந்து ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போயின. இதன் நல்லது கெட்டதை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். எனக்குத் தெரிந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினால் தெருவின் பள்ளம் மேடு தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார். எங்கள் தெருவைக் கூட்ட வரும் அம்மா காலை ஐந்தரைக்கெல்லாம் வந்து, வளைந்த கம்பி ஒன்றால் வடிகால் கம்பி வலையில் சிக்கியிருக்கும் பால் பாக்கெட், வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறார். மழை வரப்போகிறது என்றால் முனைவீட்டு வலையைத்தான் முதலில் பார்ப்பார், அங்கேதான் அடைக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த அறிவுக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு மதிப்பு வேண்டாமா? கையுறையும் பூட்ஸும் கொடுப்பது சலுகை மாதிரி நடப்பது எனக்கு வலிக்கிறது. மேன்ஹோலுக்குள் மனிதனை இறக்குவதை 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. சாக்கடைக்குள் ஒருவர் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நாட்டில் சாவு நிற்கவில்லை. உங்கள் ஊரில், உங்கள் கையெழுத்தில் நடக்கும் வேலையில், ஒருவர்கூட உள்ளே இறங்க மாட்டார் என்று நீங்கள் ஒவ்வொருவரும் முடிவெடுத்தால் நடக்கும். ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. வாசலில் கார் ஏற வேண்டும் என்று வடிகால் வாயை அடைத்துச் சாய்தளம் போட்டவர்கள் நாங்கள்தான். பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பணம் கட்டத் தயங்கி, செப்டிக் டேங்க் வழிவதை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் குழாய் போட்டு விட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, ஏரிக்குத்தான் போகிறது. கோடி கோடியாகச் செலவழித்து ஏரியைத் தூர்வாரிக் கரை கட்டி நடைபாதை போட்டாலும், வரத்துக் கால்வாயில் சாக்கடை வந்துகொண்டே இருந்தால் மூன்றாம் வருடம் ஆகாயத்தாமரைதான் மிஞ்சும். அந்த இணைப்புகளைத் தேடித் துண்டியுங்கள், என் வீட்டில் இருந்தாலும் துண்டியுங்கள். ஆனால் துண்டிக்கும் முன்னால் அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்கிறதா என்று பாருங்கள், வராத தெருவில் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்.

ஜனங்கள் இறங்கி வேலை செய்ய மாட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2019 கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். அரசாங்கம் அந்த ஏரிக்கு 25 கோடி ஒதுக்கியதும் அதே வருடம்தான்.

நான் கேட்பது ஒரு வரைபடம். மாநகராட்சி முழுக்க, எல்லைக்கு வெளியே தண்ணீர் போய்ச் சேரும் இடம் வரைக்கும், ஒவ்வொரு தெருமுனையின் உயரம், வடிகால் தளத்தின் உயரம், கல்வெர்ட்டின் அடிமட்டம், ஏரிக் கலங்கலின் உயரம் எல்லாம் ஒரே தாளில். இந்தத் தாளைப் பார்க்காமல் ஒரு எஸ்டிமேட்டும் கையெழுத்தாகக் கூடாது. இதற்கு வெளிநாட்டுக்காரர் யாரும் வர வேண்டியதில்லை. தாம்பரம் மாநகராட்சிக்கு உள்ளேயே குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் ட்ரோன் செய்வதில் பெயர் வாங்கிய மையம் இருக்கிறது. சுற்றிலும் எத்தனையோ பாலிடெக்னிக்குகளில் சிவில் படிக்கும் பிள்ளைகள் சர்வே செய்முறைப் பாடத்துக்குக் கல்லூரி மைதானத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களைத் தெருவுக்குக் கூப்பிடுங்கள். ஓய்வு பெற்ற வால்வு மேன்களையும் லைன் மேன்களையும் ஒரு மாதம் மதிப்பூதியம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு நடந்து, அவர்கள் காலால் தட்டிக் காட்டும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

இந்த வரைபடத்தை ஜனங்கள் முன்னால் வைத்துப் பேச இடமும் ஏற்கெனவே இருக்கிறது, வார்டு ஜனங்கள் கூடும் பகுதி சபை. 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தபோது முதலமைச்சரே பம்மலுக்கு வந்து உட்கார்ந்தார். அதற்கு அப்புறம் பல வார்டுகளில் அந்தக் கூட்டம் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டது. கூட்டத்தை ஏப்ரலில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும், ஏப்ரலில் வைத்தால் இடையில் ஆறு மாதம் இருக்கிறது. செப்டம்பரில் டெண்டர் விட்டு, நவம்பரில் பள்ளம் தோண்டி, மழையில் அதைத் தண்ணீர்த் தொட்டியாக்கி, அதில் யாராவது விழுந்த பின் தடுப்பு வைக்கும் கதை இனி வேண்டாம். அந்த வருடம் எந்தெந்தத் தெருவில் என்ன வேலை, எந்த மட்டத்துக்கு, முதலில் எது, அடுத்து எது என்று அந்த வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்லுங்கள். நாங்கள் கேள்வி கேட்போம், சிலது அசட்டுக் கேள்வியாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் அண்ணனிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். வரும் ஏப்ரலில் கூட்டம் நடந்தால் தானும் வருவதாகச் சொன்னார், லெவல் டியூபையும் எடுத்து வருகிறாராம். கூட்டம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒருவர் எங்களோடு முனைவீடு வரைக்கும் நடந்து வந்து, குழாயின் மறுமுனையைப் பிடித்தால் போதும்.

இப்படிக்கு,
புறநகரில் வீடு கட்டி, வரி கட்டிக் குடியிருக்கும் ஒருவர்